சலேஹா கேட்டது

ஜார்ஜ் டவுன்
ஞாயிறு காலை

லோஷினி அப்பாவுக்கு,

ஷர்மினி எழுதுகிறேன். வீட்டில் இருவரும் நலம். சிறைக்குள் வெக்கை தாங்கவில்லை என்று போன தடவை சொன்னீர்கள். இங்கே நாலு நாளாக மழை, அங்கேயும் கொஞ்சம் தணிந்திருக்கும். லோஷினிக்கு முன்பல் விழுந்துவிட்டது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கிறாள்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் எங்கள் லைனை மூடிவிட்டார்கள் என்று சொன்னேன் அல்லவா? கொமுனிட்டி காலேஜில் பிளம்பிங் படிக்கச் சேர்ந்துவிட்டேன். ஏன் பிளம்பிங் என்று கேட்காதீர்கள், அதில்தான் இடம் இருந்தது. பைப்பை அளந்து வெட்டுகிறோம், பசை தடவிச் சேர்க்கிறோம், தண்ணீர் விட்டு ஒழுகுகிறதா என்று பார்க்கிறோம். ஒழுகினால் வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து. செய்கிறேன். பிடிக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை.

வகுப்பில் பெண்கள் இரண்டே பேர். அதனால் வாத்தியார் எங்களை ஒரே மேசையில் போட்டுவிட்டார். இன்னொருத்தி பெயர் சலேஹா. தமிழ் முஸ்லிம், செபராங் ஜெயாவில் அக்கா வீட்டிலிருந்து வருகிறாள்.

மூன்றாவது வாரம், சாப்பாட்டு நேரத்தில், அவள் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஃபேக்டரி பஸ் மோதி இறந்துபோனதைச் சொன்னாள். பெயர் ஹைதர் என்றாள். உங்கள் கேஸில் இருந்த அதே பெயர். நீங்கள் ஓட்டிய பஸ்தான். கோர்ட்டு நாட்களில் நான் லோஷினியோடு ஆஸ்பத்திரியில் இருந்ததால் எங்களுக்குள் முகம் தெரியாமல் போய்விட்டது. நான் நாசி லெமாக்கைச் சாப்பிட்டு முடித்தேன். ருசியும் தெரியவில்லை, அழுகையும் வரவில்லை.

நாலு நாள் சொல்லாமல் இருந்தேன். ஐந்தாம் நாள், இருவரும் ஒரு பைப்பைப் பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்த டிரைவர் என் வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டேன். அவள் பைப்பை விடவில்லை. பசை காயட்டும், ஆட்டாமல் பிடி என்றாள். பிறகு கழிவறைக்குப் போனவள் அரை மணி நேரம் வரவில்லை. வந்ததும், நான் வேறு மேசைக்குப் போய்விடட்டுமா என்று கேட்டேன். நீ போனால் நான் யாரோடு வேலை செய்வது, இங்கேயே இருலா என்றாள்.

வெள்ளிக்கிழமை அவளாகவே ஒன்று கேட்டாள். உன் வீட்டுக்காரர் தூங்கிவிட்டாரா, போன் பார்த்தாரா, இல்லை நிஜமாகவே பிரேக் பிடிக்கவில்லையா, உனக்காவது தெரியுமா என்று. தெரியாது என்றேன். அது உண்மைதான். கோர்ட்டில் பிரேக் என்று சொன்னீர்களாம். அந்த வாரம் முழுக்க நீங்கள் இரண்டு ஷிப்ட் ஓட்டியது எனக்குத் தெரியும். இந்த ஒன்றரை வருடத்தில் நான் உங்களிடம் கேட்கவே இல்லை. கேட்காமல் இருப்பது உங்களுக்கு உதவி என்று நினைத்தேன். எனக்கும் அது சௌகரியமாக இருந்தது.

இப்போது கேட்கிறேன். கடிதத்தை அங்கே படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்றால் எழுத வேண்டாம். பதினெட்டாம் தேதி பார்க்க வருகிறேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லுங்கள். எதுவானாலும் லோஷினிக்கு நீங்கள்தான் அப்பா. நானும் எங்கேயும் போகப்போவதில்லை. ஆனால் சலேஹாவிடம் தெரியாது என்று இன்னொரு தடவை என்னால் சொல்ல முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முருகன் உங்களுக்கு வாய் திறக்கும் தைரியத்தைக் கொடுக்கட்டும்.

ஷர்மினி