மூடி இல்லாத பிளஷர்

பாய்,

போன வாரம் வேங்கிக்காலில் ஒரு ஓட்டல் வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். பார்த்தவர்கள் ரிட்டயர்டு வாத்தியாருக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். எல்லாம் ஒரு வாசனையால் வந்தது. அப்போதுதான் தூறல் விட்டிருந்தது. சூடான என்ஜின்மேல் ஈரம் பட்டு, அதோடு பெட்ரோலும் தோல் சீட்டும் கலந்து ஒரு வாசனை வருமே, அது மூக்கில் ஏறியதும் நான் உங்கள் குஷன் கடை வாசலுக்கே போய்விட்டேன். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு கார், என் இடுப்பு உயரம்கூட இல்லை. பெங்களூரிலிருந்து ஓர் இளைஞர் ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். சுற்றி ஒரே கூட்டம்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே. "சைபர்லேருந்து நூறு போவ எத்தினி செகண்டு தம்பி?" என்று கேட்டேன்.

"மூணு, அங்கிள்," என்றார், அதில் பெரிதாக ஒன்றுமில்லை என்பதுபோல. "இப்ப வர்ற எலெக்ட்ரிக் வண்டிங்க ரெண்டு செகண்டுல போயிடும். எங்க செட்டுல யாரும் அத்த சீந்தறதில்ல."

ஏன் என்று கேட்டேன். வேகம் இப்போது எல்லா வண்டியிலும் கிடைக்கிறதாம். இவர்கள் தேடுவது கையால் மாற்றுகிற கியரை, என்ஜின் சத்தத்தை, ரோட்டில் கிடக்கும் கல் ஸ்டியரிங் வழியாக வந்து விரலைத் தட்டுவதை. சத்தமே போடாத புது வண்டிகள் சிலவற்றில் ஸ்பீக்கர் வைத்துப் பொய்யாக என்ஜின் சத்தம் கொடுக்கிறார்களாம். "ஃபீல் இல்லாம எப்டி அங்கிள் ஓட்றது?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய தெருப் பக்கம் நீங்கள் வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு சொன்னதை, இவர் பெங்களூரிலிருந்து வந்து எனக்குச் சொல்கிறார்.

உங்களுக்கு அந்தப் பழைய வண்டி வந்து சேர்ந்த கதை ஊருக்கே தெரியும். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை கப்பலேறும்போது விட்டுவிட்டுப் போனது. பல கை மாறி, ஒரு மண்டிக்காரர் வீட்டுக் கொட்டகையில் கோழி அடைந்துகொண்டிருந்தது. அவர் வீட்டு சோபாவுக்கு உறை தைக்கப் போன நீங்கள், அளவெடுத்த டேப்பைக்கூட மறந்துவிட்டு, வண்டியை விலைபேசிக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தீர்கள். இரண்டே பேர் உட்காரலாம். தலைக்குமேல் மூடி கிடையாது. இருந்த கேன்வாஸை எலி தின்றுவிட்டிருந்தது. மழை வந்தால் நீங்கள் ஓட்டவேண்டும், பக்கத்தில் இருப்பவர் குடை பிடிக்கவேண்டும். அந்த உத்தியோகம் எனக்கு.

அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஜனங்கள் காரைக் கார் என்று சொல்லமாட்டார்கள். பிளஷர் என்பார்கள். கலெக்டர் வந்தாலும் பிளஷர், டாக்டர் வந்தாலும் பிளஷர். உங்கள் வண்டிக்கு 'மூடி இல்லாத பிளஷர்' என்று பெயர் விழுந்தது. ஒரு நாள் பேச்சுவாக்கில் நான், அது இங்கிலீஷ் வார்த்தை, அதற்குச் சந்தோஷம் என்று அர்த்தம் என்றேன். ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்த கத்தரி அப்படியே நின்றது.

"நெஜமாவா வாத்தியாரே?"

"டிக்‌ஷனரில பாருங்க பாய்."

"அப்ப நம்ம ஜனங்க இத்தினி நாளா காரைப் பாத்து சந்தோஷம் வருது, சந்தோஷம் வருதுன்னா சொல்லிட்டிருந்தாங்க?"

அன்றிலிருந்து என் பாடு திண்டாட்டம்தான். ஊரில் ஓடுகிற வண்டிகளை எல்லாம் நீங்கள் இரண்டாகப் பிரித்துவிட்டீர்கள். வேலைக்கு ஆகிற வண்டி கார். ஏறி உட்கார்ந்ததும் காரணம் இல்லாமல் சிரிப்பு வந்தால் அது பிளஷர். நானோ பௌதிக வாத்தியார். எனக்கு முடுக்கம் வேண்டும், மைலேஜ் வேண்டும். பழைய பேப்பர் கடையில் கிடைத்த வெளிநாட்டுக் கார்ப் புத்தகங்களைப் படித்துவிட்டு வந்து, எந்த வண்டி எத்தனை செகண்டில் அறுபது மைல் தொடும் என்று உங்கள் தையல் மிஷின் சத்தத்துக்கு மேலே கத்துவேன். "நம்பரு நல்லாத்தான் இருக்குது. நம்பரு மேல குந்திக்கினு போவ முடியுமா?" என்பீர்கள். உங்கள் பிளஷரைச் செங்கம் ரோட்டு மேட்டில் பஸ் முந்தியது, கரும்பு லாரி முந்தியது. ஒரு தடவை மொபெட்டில் பால்காரர் முந்தினார், அதுவும் நமக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு. நீங்களும் சந்தோஷமாகத் திருப்பிக் கும்பிட்டீர்கள். "போறவரு போவட்டும். அவருக்கு பால் கெட்டுடும். நமக்கு என்னா கெடப்போவுது?"

நீங்கள் சொன்னதெல்லாம் சரி என்று இப்போதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாதி நாள் அந்த வண்டியைத் தள்ளியது நான். தள்ளுகிறவனுக்கு என்ன பிளஷர்?

எண்பதுகளின் பிற்பாதியில், மாமனார் வீட்டு நிலத்தில் மல்லாட்டை நன்றாக விளைந்த ஒரு வருஷம், நான் அந்தப் புது மாதிரிச் சின்னக் கார் ஒன்றை செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். முதல் சவாரிக்கு உங்களைத்தான் கூட்டிப்போனேன். அவலூர்ப்பேட்டை ரோட்டில் போய்த் திரும்பினோம். இறங்கிக் கதவைச் சாத்தி, அது 'டப்' என்று மூடுவதை ரசித்து, மறுபடியும் திறந்து மூடிப் பார்த்தீர்கள்.

"சத்தம் கம்மி. வேகம் ஜாஸ்தி. மழ பேஞ்சா நனையமாட்டோம்."

"அப்ப?"

"நல்ல காரு, வாத்தியாரே."

பிளஷர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவே இல்லை. கோபித்துக்கொண்டு இரண்டு நாள் உங்கள் கடைப்பக்கமே நான் வரவில்லை. மூன்றாம் நாள் நீங்களே வந்து, என் கார் சீட்டுக்குக் கேட்காமலே உறை தைத்து மாட்டிவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

உங்கள் வண்டியைக் கோயமுத்தூர்க்காரர் ஒருவர் வாங்கிக்கொண்டு போன நாள் ஞாபகம் இருக்கிறது. நீங்கள் கண்கலங்குவீர்கள் என்று நான் ஆறுதல் சொல்லத் தயாராக நின்றேன். நீங்களோ அவர் அதை லாரியில் ஏற்றுவதைப் பார்த்து எகிறினீர்கள். "ஓட்டிக்கினு போவத்தான சார் வாங்குனீங்க? அது என்னா பீரோவா, லாரில ஏத்தறதுக்கு?" பாவம், அந்த மனுஷர் பயந்துபோய் வண்டியைக் கீழே இறக்கி, ஊர் எல்லைவரைக்கும் ஓட்டிக்கொண்டு போய், அங்கே ஏற்றிக்கொண்டார்.

ஆனால் உங்களுக்குச் சொல்லவேண்டும் என்று நான் உட்கார்ந்தது இதற்கெல்லாம் முந்திய கதை. எழுபதுகளின் கடைசியில் நடந்த என் கல்யாணம்.

பத்துப் பொருத்தத்தில் எட்டு சேர்ந்திருந்தது. பெருமையாக உங்களிடம் சொன்னேன். "எட்டு மார்க்கு. சரி. அந்தப் பொண்ணு என்னா சொல்லுச்சி?" என்று கேட்டீர்கள். எனக்குச் சுருக்கென்றது. கீழ்பென்னாத்தூருக்குப் பெண் பார்க்கப் போனபோது, அவள் காபியை வைத்துவிட்டுத் தலை நிமிராமல் உள்ளே போய்விட்டாள். பெரியவர்கள் கேட்டதற்குச் சரி என்றாளாம். அது என்னைப் பிடித்துச் சொன்ன சரியா, வீட்டுக்காகச் சொன்ன சரியா? கேட்கிற வழக்கம் அப்போது இல்லை. ஒருத்திக்கு என்னைப் பிடிக்குமா என்றே தெரியாமல் அவளோடு ஆயுசு முழுக்க இருக்கப்போகிறேனே என்று பயந்தேன். அந்தப் பயத்தை உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன். நீங்கள் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "மாப்ள அழைப்புக்கு நம்ம வண்டிதான்," என்றீர்கள், அதிலேயே எல்லாம் தீர்ந்துவிடும் என்பதுபோல.

ஊர்ப் பிள்ளையார் கோயிலிலிருந்து பெண்வீட்டுப் பந்தல்வரைக்கும் ஊர்வலம். மாமனார் தைத்துக்கொடுத்த கோட்டு சூட்டில், கழுத்தில் மாலையோடு, சீட்டுக்குப் பின்னால் கேன்வாஸ் மூடியை மடக்கி வைக்கிற இடத்தில் நான் ஏறி உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக ஓட்டுகிறீர்கள். முன்னால் நாயனக்காரர் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று வாசிக்கிறார். ஓடுவதற்காகச் செய்த வண்டியை இப்படி நடக்கச் சொன்னால் அது என்ன செய்யும்? பெண்வீட்டுக்குப் பத்து வீடு இருக்கும்போது பானட்டுக்குள்ளிருந்து புகை மாதிரி ஆவி கிளம்பியது. தவில்காரர் தவிலோடு ஒரே தாவாகத் திண்ணைமேல் ஏறிவிட்டார். நீங்கள் மட்டும் நிதானமாக இறங்கினீர்கள். "கோவமா இருக்குது. வேற ஒண்ணுமில்ல."

ஈரச் சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தீர்கள். தண்ணீருக்குக் கிணற்றடி வரை போகவேண்டும். பக்கத்திலேயே விருந்தாளிகளுக்காக சோடாவும் கலரும் பெட்டி பெட்டியாக இருந்தன. "எது ஜில்லுனு இருக்குதோ அத்த ஊத்துங்க," என்றேன், மாலையோடு இறங்கி வந்து நின்ற நான். பௌதிகத்தில் பட்டம் வாங்கியவன் சொல்கிற வார்த்தையா அது! கொதிக்கிற ரேடியேட்டரில் ஆரஞ்சுக் கலரை ஊற்றினால் என்ன ஆகும் என்று என் ஒன்பதாம் வகுப்பைக் கேட்டிருந்தால் சொல்லியிருக்கும். ஊற்றினார்கள். ஒரு ஆள் உயரத்துக்கு ஆரஞ்சு நுரை எழுந்து உங்கள் மேலும் என் மேலும் கொட்டியது. நாயனம் நின்றுபோய், தெரு மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், பெண்வீட்டு மாடியிலிருந்து ஒரே ஒரு சிரிப்பு கேட்டது. நிமிர்ந்து பார்த்தேன். அவள்தான். வாயைப் பொத்திக்கொண்டும் அடங்கவில்லை.

மீதிப் பத்து வீட்டையும் பெண்வீட்டார் வண்டியைத் தள்ளிக் கடத்தினார்கள். மாமனாரே தோள் கொடுத்தார். எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. ஏற்கெனவே பிடிக்குமோ பிடிக்காதோ என்றிருந்த பெண் முன்னால் கோமாளியாக நின்றுவிட்டோமே. மறுநாள் தாலி கட்டும்போதுகூட அந்தச் சிரிப்புதான் காதில் இருந்தது.

கல்யாணமாகி நம் ஊருக்கு வந்தபிறகும் தெளியவில்லை. வீடு நிறைய ஜனம். தனியாக நாலு வார்த்தை பேச இடமில்லை. நான் எது கேட்டாலும் அவள் "ம்" என்பாள். அந்த 'ம்'மை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

அப்போதுதான் நீங்கள் எங்களை விருந்துக்குக் கூப்பிட்டீர்கள். சாப்பிட்டு முடித்ததும் உங்கள் வீட்டுப் பாயம்மா அவளுக்குப் பூ வைத்துவிட்டார்கள். நீங்கள் என் கையில் சாவியை வைத்தீர்கள். யாரையும் தொடவிடாத வண்டி. "மலைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க. மெதுவா மட்டும் போவாதீங்க. அதுக்குப் புடிக்காது."

அங்கே என்ன நடந்தது என்று நீங்கள் கடைசிவரை கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. போன வருஷம் நீங்கள் போய்விட்டீர்கள். கடைப்பக்கம் போனால் சண்டை போட ஆளில்லை, பாய். அதனால் இப்போது சொல்லிவிடுகிறேன்.

பௌர்ணமி இல்லாத நாள், சாயங்காலம். கிரிவலம் வருகிற ஆளே ரோட்டில் இல்லை. அடி அண்ணாமலை தாண்டியதும் மிதித்தேன். காற்றும் என்ஜினுமாகக் காது அடைத்தது. அந்தச் சத்தத்தில் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "அன்னிக்கி ஏன் சிரிச்ச?" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்தினேன். அவள் சாய்ந்து, என் காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து, அவளும் கத்தினாள். வேறு வழியே இல்லை, கத்தினால்தான் கேட்கும். அது ஒரு நல்ல காராக இருந்திருந்தால், பாய், அவள் "ம்" என்றே சொல்லியிருப்பாள்.

"கோட்டு போச்சேனு குதிப்பீங்கனு பாத்தேன். நீங்க மொதல்ல பாய் கண்ண தொடச்சி உட்டீங்க. அப்பறந்தான் உங்க மூஞ்சிய தொடச்சீங்க. அதும் அந்தக் கோட்டாலயே. இந்த ஆள எனக்கு புடிச்சிடுச்சினு நெனச்சேன், சிரிப்பு வந்துடுச்சி."

உங்கள் கண்ணைத் துடைத்தது எனக்கு நினைவே இல்லை. காலை இன்னும் அழுத்தினேன். ஒரு பர்லாங்கு தூரம் வண்டி பறந்தது. அவள் மறுபடியும் காதருகே வந்தாள்.

"இன்னும் வேகமா போலாமா?"

மீட்டரைப் பார்த்தேன். முள் ஐம்பதில் நடுங்கிக்கொண்டிருந்தது. காலுக்குக் கீழே இன்னும் மிதிக்க இடமில்லை.

"இதுக்கு மேல போவாது," என்றேன்.

"சரி," என்றாள். "அப்ப இன்னொரு சுத்து போலாம்."

எத்தனை சுற்று போனோம் என்று நான் எண்ணவில்லை. நானா எண்ணவில்லை என்று நீங்கள் நம்பமாட்டீர்கள். எங்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. முழங்கால், கண், பென்ஷன் என்று ஒவ்வொன்றாக, இதற்கு மேல் போகாது என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது. நான் அதைச் சொல்லி அலுத்துக்கொள்ளும்போதெல்லாம் அவள் அதே பதிலைத்தான் சொல்கிறாள். இப்போது கத்துவதில்லை, சாதாரணமாகச் சொல்கிறாள். நானும் எழுந்து அவளோடு கிளம்புகிறேன்.