சுவர்க்காகிதத்துக்குப் பின்னால் இருந்த துளை

அக்டோபர் 14, செவ்வாய்

ஃபெலிக்ஸ் அண்ணன் வீட்டைச் சூடாக்கப் போகும் புதுக் கொதிகலனை இறக்கி வைத்தாயிற்று. பழைய விறகு அடுப்பை நிலவறையிலிருந்து வெளியே இழுக்கவே பாதிப் பகல் போய்விட்டது. புகைபோக்கி அறுபது வருஷத்துச் செங்கல். மரக்குருணை எரிக்கிற கொதிகலனின் புகையில் சூடு குறைவு, ஈரம் அதிகம். வெறும் செங்கல் அதைத் தாங்காது. மேலிருந்து கீழ்வரை உள்ளே எஃகுக் குழாய் இறக்கியாக வேண்டும். குழாய் வரப் பத்து நாளாவது ஆகுமாம்.

மாடியில் அவர்கள் படுக்கையறைச் சுவரைத் தட்டினேன். ஓரிடத்தில் மட்டும் பொள்ளலான சத்தம். முன்பு அங்கே ஒரு கணப்பு இருந்திருக்கும். அதன் புகை புகைபோக்கிக்குப் போன துளையைச் செங்கல் வைத்து அடைக்காமல் சுவர்க்காகிதம் ஒட்டி மறைத்துவிட்டார்கள். குழாய் இறக்கும்போது அதையும் அடைக்க வேண்டும்.

அக்டோபர் 17, வெள்ளி

முதல் உறைபனி. காலையிலேயே அண்ணன் போன். “ஸ்லாவ்கா கம்பளியப் போத்திக்கிட்டுச் சமைக்கிறாடா ராய்க்கோ. ஏதாச்சும் பண்ணேன்.”

போனேன். கொதிகலனைப் பழைய புகைபோக்கியோடு அப்படியே இணைத்துப் பற்றவைத்தேன். “ஒரு வாரந்தான் அண்ணே, குழாய் வந்ததும் ஓடி வந்துடுறேன்.” அவர் மனைவி ஸ்லாவ்கா அக்கா களி கிண்டி, பன்றிக்கொழுப்பு வறுத்துப் போட்டுத் தந்தார். இரண்டு தட்டு.

வேலை முடிந்த தாளில் ‘குழாய் பொருத்தப்பட்டது’, ‘கசிவு சோதிக்கப்பட்டது’ என்ற இரண்டு கட்டங்களிலும் குறி போட்டேன். அடுத்த வாரம் அது உண்மையாகிவிடப் போகிறதுதானே.

அக்டோபர் 29, புதன்

குழாய் வந்துவிட்டது. வேனில் கிடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒத்துக்கொண்ட வேலை முடியட்டும்.

நவம்பர் 5, புதன்

அண்ணன் பேசினார். அக்காவுக்குத் தினமும் காலையில் தலைவலி, குமட்டலாம். “ஊரெல்லாம் காய்ச்சல் அண்ணே” என்றேன். யோசிக்காமல் வாயில் வந்தது. யோசிக்காமலா?

சனிக்கிழமை கட்டாயம் போக வேண்டும்.

நவம்பர் 8, சனி

போகவில்லை.

நவம்பர் 11, செவ்வாய்

மார்ட்டின் திருநாள். என் தம்பி வீட்டில் புது ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. விடிந்ததும் அண்ணன் மாட்டுக்கொட்டகைக்குப் போயிருக்கிறார். எட்டு மணிக்குத் திரும்பினால் அக்கா கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாராம். லுப்லியானா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு.

நான் யாரையும் கேட்கத் தேவையில்லை. அது எந்தத் துளை வழியாக வந்தது என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 13, வியாழன்

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அக்காவை அழுத்த அறையில் வைத்து ஆக்சிஜன் கொடுக்கிறார்கள். நடைபாதையில் அண்ணன் ரப்பர் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தார். மூன்று நாளாகக் கழற்றவில்லை போலிருக்கிறது.

“எம் புத்திதான்டா. குளிர் வருதுன்னு சன்னலோரமெல்லாம் டேப் ஒட்டினேன். காத்தே வராமப் பண்ணிட்டேன். எங்கையாலயே அவள...”

நான் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தேன். தட்டிக்கொடுத்தேன்! காபி வாங்கியாந்து குடுத்தேன், அவ்ளோதான். என்ன மனுஷன்டா நீ?

நவம்பர் 14, வெள்ளி

எங்கள் பகுதிப் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்து சோதிப்பவள் தாரின்கா. புதுக் கொதிகலனைப் பார்க்க மாதக் கடைசியில்தான் வர இருந்தாள். நேற்றே வந்து முத்திரை வைத்துவிட்டாள். இன்று என்னைக் கூப்பிட்டாள். மேசையில் என் தாள்.

“தாள்ல குழாய் இருக்கு. புகைபோக்கிக்குள்ள கேமராவ விட்டுப் பாத்தேன், இல்ல. எங்க போச்சு?”

“என் வேன்ல.”

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

“போலீஸுக்கு நான் எழுதித்தான் ஆகணும், ராய்க்கோ.”

“எழுது.”

“அதுக்கு முன்னாடி நீ அங்க போ. அந்தாளு தன்னைத்தானே தின்னுக்கிட்டு இருக்காரு. என் காகிதத்தப் பாத்துத்தான் அவரு தெரிஞ்சுக்கணுமா?”

நவம்பர் 15, சனி

சொன்னேன். குழாய், துளை, தாள், எல்லாம். அக்கா கண் திறந்துவிட்டார் என்று அண்ணன் சொல்லி முடித்த கையோடு சொன்னேன். அந்தச் சந்தோஷம் முகத்தில் இருந்தபோதே. அதற்குமேல் வைத்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். “காய்ச்சல்னு சொன்னியே” என்றார். பிறகு, “முந்தாநேத்து என் தோளத் தட்டினியேடா.”

“அண்ணே...”

“அண்ணேன்னு கூப்பிடாத. போயிடு.”

டிசம்பர் 9, செவ்வாய்

அக்கா வீட்டுக்கு வந்துவிட்டாராம். வலது கை நடுங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பேரையே நினைவில் தேடுகிறாராம். வேறொருவர் குழாய் இறக்கி, துளையைச் செங்கல் வைத்து அடைத்திருக்கிறார். ஒரு நாள் வேலை. ஒரே ஒரு நாள்.

என் உரிமம் முடக்கப்பட்டுவிட்டது. வழக்கு வசந்தத்தில் வரும்.

ஜனவரி 20, செவ்வாய்

இதுவரை நான் போட்ட கொதிகலன்களை வரிசையாக எழுதினேன். இருபத்து மூன்று வீடுகள். அவற்றில் எத்தனை தாள்களில் சோதிக்காமல் குறி போட்டேன்? நினைவில்லை. அது நினைவில்லாமல் போனதுதான் என்னை உலுக்குகிறது.

பட்டியலைத் தாரின்காவிடம் கொடுத்தேன். இதை யாரும் என்னிடம் கேட்கவில்லை. படித்துவிட்டு, “எல்லாத்தையும் பாத்துடுவோம். நான் சோதிக்கிறேன். ஆனா கதவ நீ தட்டணும்” என்றாள்.

மார்ச் 17, செவ்வாய்

ஏழாவது வீடு. முதல் ஆறில் நாலு சுத்தம். ஒன்றில் இணைப்பு தளர்ந்திருந்தது. இன்னொன்றில் மரவிட்டத்துக்கும் சூடேறும் புகைக்குழாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளிகூட இல்லை. அந்த வீட்டுக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். சரிதான்.

இன்று கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற தபால்காரி எர்னா. கை நிறைய மாவு. ரொட்டி வேகும் வாசம் உள்ளிருந்து வந்தது.

“அட, நீயா! கொதிகலன் நல்லாத்தானே ஓடுது? எதுக்கு வந்தே?”

“சோதிக்கணும்மா.”

“அன்னிக்கே சோதிச்சதா கையெழுத்துப் போட்டுக் குடுத்தியே? பத்திரமா வெச்சிருக்கேன். உன் கையெழுத்துமேல உனக்கே நம்பிக்கை இல்லியா?”

பின்னால் தாரின்கா கருவியோடு நின்றாள்.

“இல்லம்மா” என்றேன்.

எர்னா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு மாவுக்கையால் கதவை அகலமாகத் தள்ளி, ஒதுங்கி வழிவிட்டார்.