போர்வை கழற்றிய வெள்ளிக்கிழமை

மச்சான்,

சுட்ட பெயின்ட் மணம் இன்னும் என் சட்டையில் இருக்கிறது. கற்பிட்டிப் படகுத் துறையில் நீ வெல்டிங் செய்த பாரந்தூக்கி விட்டத்தை இன்று காலை பரிசோதித்தார்கள். நீ மௌத்தாகி, இந்த உலகத்தை விட்டுப் போய், மூன்று வருடம். உன்னோடு வேலை செய்தவன் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

பரிசோதகர் விட்டத்தைத் தொடவே இல்லை. தள்ளி நின்று லேசரை அடித்தார். பட்ட இடத்தில் 'டிக்' என்று ஒரு சத்தம், ஒரு பொட்டுப் பெயின்ட் கருகியது. அந்த அடியில் இரும்புக்குள் காதுக்கு எட்டாத ஒலி ஓடுமாம். இன்னொரு லேசர் அதைக் கேட்குமாம். இரும்பு உள்ளுக்குள் இழுபட்டுக் கிடந்தால் ஒலியின் வேகம் மாறிவிடுமாம். டிக், டிக். பட்டப்பகலில் எனக்கு மயிர் கூச்செறிந்தது. நீ உள்ளே இருந்து அவரிடம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருப்பது போல இருந்தது.

"சூடு ஒரே சீரா ஆறல்ல. களப்புப் பக்கம் கெதியா ஆறியிருக்கு. அந்த இழுவை, தகைப்பு, இன்னும் உள்ளுக்கே நிக்குது," என்றார்.

களப்பின் உப்புத் தண்ணீர்ப் பக்கம்தான் காற்று வரும் பக்கம்.

நீ அதை வெல்டிங் செய்த அன்று வெள்ளிக்கிழமை. சுடச்சுட இருந்த வெல்டிங் மெல்ல ஆறட்டும் என்று கண்ணாடிப் பஞ்சுப் போர்வையால் சுற்றிவிட்டு, "பின்னேரம் அசர் தொழுகைக்கு முந்திக் கழட்டிப்போடாத," என்று சொல்லி நீ ஜும்ஆவுக்குப் போனாய். போர்வை இரவல். ஆளில்லாத நேரம் யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்து, நான் அதைக் கழற்றி அறையில் பூட்டிவிட்டுத் தொழ வந்தேன். தொழுகை முடிந்ததும் ஓடிவந்து, நீ வருமுன் பழையபடி சுற்றினேன். அசருக்குப் பிறகு நீ தொட்டுப் பார்த்து, "என்னடா, இவ்வளவு கெதியா ஆறிட்டு?" என்றாய். "காத்து," என்றேன். பாதி உண்மை என்பதால் சுலபமாக வந்தது.

"வெல்டிங் செஞ்சவர்ட பிழை," என்று பரிசோதகர் எழுதப் போனார். நேற்று வரை அந்த விட்டத்தில் தொங்கும் படகுகளின் கீழே படுத்துச் சிப்பி சுரண்டியவன், உன்னை 'நானா' என்று கூப்பிடும் உன் தம்பி. அவன் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம்.

"அவன்ட பிழை இல்ல. போர்வையக் கழட்டினது நான்," என்றேன்.

தம்பி தலை நிமிர்ந்தான். "அந்த விட்டத்துக்குப் பொறகு எங்கட நானா பெரிய வெல்டிங் ஒண்டுக்கும் போகல்ல. 'என்ட கை சரியில்ல' எண்டுதான் மௌத்தாகும் வரைக்கும் சொன்னார்," என்றான்.

விட்டத்தை நாளைக்கு வெட்டி இறக்குகிறார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நீ ஜன்னல் கம்பியும் கேற்றும் ஒட்டிக் காலம் தள்ளியதை, வேலை கிடைக்கவில்லை போல என்று நினைத்திருந்தேன். உன் கையை நீயே நம்பாமல் போன அந்த வருடங்கள் இப்போது என் கணக்கில் இருக்கின்றன, மச்சான். மன்னிக்கக்கூடியவன் நீ ஒருவன்தான், நீயோ இல்லை.