தலையாட்டிவிட்டுத் திரும்பி வராதே

அன்பு மகள் சித்ரகலாவுக்கு, நல்லூரிலிருந்து அம்மா மயிலாள் எழுதுவது. அவிநாசியப்பர் காவலில் நானும் அப்பாவும் மாப்பிள்ளையும் உன் மகள் அனுசுயாவும் இங்கே சுகம், லீட்ஸ் குளிரில் நீயும் சளி காய்ச்சல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்க வேண்டுமென்று விளக்கு வைத்துக் கும்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும் சரிங்கம்மா, சரிங்கம்மா என்கிறாய் கண்ணு. நீ அப்படிச் சொன்னால் மனசுக்குள் வேறு முடிவு எடுத்துவிட்டாய் என்று பெற்றவளுக்குத் தெரியாதா. சட்டப் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன், டிக்கெட் பார்க்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய், வேல்குமாருக்கு என்னிடம் எதையும் மறைக்கத் தெரியாது, சொல்லிவிட்டார். கடிதாசியை போட்டோ புடிச்சு அனுப்பிரலாமுங்க அத்தை என்றார். வேண்டாமுங்க மாப்பிள்ளை, படிச்ச கையோட சரிங்கம்மான்னு பதில் போட்டுருவா, தபால்லயே போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

அந்தக் காலேஜில் கோர்ட்டு மாதிரி நடத்திப் பார்த்த பரீட்சையைப் பற்றி நீ அழுதுகொண்டே சொன்னது ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஜட்ஜ் இடத்தில் உட்கார்ந்த நரைத்த தலை அம்மா எதிர்ப்பக்கத்து வக்கீல் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்கக் கேட்க, பெரியவர்களை முகத்துக்கு நேரே மறுக்கக் கூடாது என்று நீ தலையாட்டி எஸ் மேடம், எஸ் மேடம் என்றிருக்கிறாய். அவர் முடித்த பிறகு நம் பக்கத்தைச் சொல்லலாம் என்று காத்திருக்கிறாய். அவர்களோ நீ எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டாய் என்று எழுதிவிட்டு உட்காரச் சொல்லிவிட்டார்கள். நம் ஊர்ப்பக்கம் பெரியவர் பேசி முடிக்கிற வரைக்கும் ஆமாங்க போட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டும்போதுதானே நம் காரியத்தையே எடுப்போம், அந்த ஊரில் செருப்பு மாட்டுகிற வரைக்கும் யார் காத்திருப்பார்கள். போகட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. இதெல்லாம் நம்மளாட்ட ஆளுகளுக்கு இல்லீங்கம்மா என்றாயே, அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

நீ வரப்போவது எப்படியோ மாப்பிள்ளையின் அண்ணன், உன் மூத்தனார் செந்தில்வேலுக்கும் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை வந்து, என்னங்க அத்தை, சித்ரகலா வந்துருதாமா, வந்தா நம்ம கம்பெனியிலேயே கணக்குப் பார்க்கட்டுமுங்க என்றார். நீ கிளம்பும்போது வைத்த விருந்தில், கோர்ட்டுப்படி ஏறுன பொம்பளையே ஊட்டுக்கு ஆகாது, இதுல கடல் தாண்டி வேறயா என்று சொன்னவர் இவர், சொல்லிக்கொண்டே இரண்டாம் முறை பாயசம் கேட்டதும் இவர்தான். அதற்குப் பிறகு அவர் வீட்டில் நான் தண்ணீர் கூடக் குடித்ததில்லை. ஆனாலும் வந்தவருக்கு மரியாதை செய்ய வேண்டுமே, காபி கொடுத்தேன், சர்க்கரை போடவில்லை. நல்லா இருக்குதுங்க அத்தை என்று கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டுப் போனார்.

நம்மளாட்ட ஆளுகளுக்கு இல்லை என்று சொன்ன நீ யார் என்று மறந்துவிட்டாயா சாமி. நான் செக்கிங் பார்த்த பனியன் கம்பெனியில் கண்ணம்மாளின் விரலில் ஓவர்லாக் தையல் மிஷின் ஊசி இறங்கியதே, அப்போது நீ பன்னிரண்டாம் வகுப்பு. விசாரிக்க வந்த ஆபீசர் முன்னால் முதலாளி எங்களையெல்லாம் வரிசையாக நிறுத்தி, அன்னைக்குக் கண்ணம்மா வேலைக்கே வரலைதானே என்று கேட்டார். யார் யார் ஆமாங்க என்று தலையாட்டினார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வேன், அதில் ஒருத்தி வீட்டு விசேஷத்துக்கும் நான் போவதில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். எனக்குச் சோறு கொண்டு வந்தவள் யூனிபாரத்தோடு நின்றிருந்தாய், தூக்குப்போசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பி, இல்லீங்க அய்யா, அன்னைக்கும் நான் சோறு கொண்டாந்தேன், கண்ணம்மாக்கா மிஷின்லதானுங்க உக்காந்திருந்தாங்க என்றாய். யாரு புள்ளை நீ என்று முதலாளி அதட்டினார், மயிலாள் புள்ளைங்க என்றாய், கூப்பிய கை இறங்கவில்லை, குரலும் இறங்கவில்லை. அப்புறம் கண்ணம்மாளுக்குக் கம்பெனிதான் வைத்தியம் பார்த்தது. அடுத்த வாரம் எனக்கு வேலை போனது, போகட்டுமே, அவர் முகம் போன போக்கைப் பக்கத்தில் நின்று பார்த்தேனே, அது போதாதா. அன்றைக்குத்தான் உன்னை வக்கீலாக்க வேண்டுமென்று அப்பாவிடம் சொன்னேன்.

திருப்பூர் கோர்ட்டில் நீ கறுப்புக் கோட்டோடு நின்றதையும் பார்த்துவிட்டேன். நம்ம ஊர்ல தைச்ச பனியன் அந்த ஊர்க் கடையில தொங்குது, தைச்சவங்களுக்கு என்ன நியாயம் செஞ்சேன்னு அந்தக் கடைக்காரனை அவன் சட்டத்தை வெச்சே கேக்கோணுமுங்கம்மா என்று நீ சொன்ன நாளிலிருந்து, பஸ்ஸில் வேலை முடிந்து தூங்கிக்கொண்டு போகிற பெண்களைப் பார்த்தால் என் மகள் உங்களுக்காகத்தான் போயிருக்கிறாள் என்று சொல்ல வாய் வரும், அடக்கிக்கொள்வேன். உன் மகள் அடக்குவதில்லை. எங்கம்மா வெள்ளைக்காரங்ககூடச் சண்டை போடப் போயிருக்குது என்று டீச்சரிடமே சொல்லியிருக்கிறாள். அவள் ஏங்கிப் போவாள் என்று பயப்படாதே, அம்மாயி அம்மாயி என்று என் உயிரை வாங்கிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறாள்.

அடுத்த மாதம் மறுபடியும் அந்தப் பரீட்சை வைக்கிறார்கள் என்றாயே, அதில் போய் நில். அந்த அம்மா பெரியவர்தான், கும்பிட்டுக்கொள். அவர் கேட்கிற இடத்திலேயே, அந்த நிமிஷத்திலேயே இல்லை என்றால் இல்லை என்று சொல். காரணத்தை அடுக்கு. தோற்றாலும் பேசித் தோற்றுவிட்டு வா, வேன் பிடித்துக்கொண்டு கோயமுத்தூர் ஏர்போர்ட்டுக்கு எல்லோரும் வருகிறோம். அதற்கு முன்னால் டிக்கெட் போட்டு வந்தாயானால் ஒருத்தரும் வர மாட்டோம், மாப்பிள்ளையிடமும் சொல்லிவிட்டேன், ஆகட்டுமுங்க அத்தை என்றார். அவர் ஆகட்டும் என்றதை நம்ப முடியாது, பைக்கை எடுத்துக்கொண்டு வந்தாலும் வந்துவிடுவார், ஆனால் நான் வர மாட்டேன்.

காலுக்கு உறை போடாமல் நடக்காதே என்று அப்பா சொல்லச் சொன்னார். எண்ணெய் தேய்த்துக் குளி. அனுப்பிய பருப்புப்பொடியைக் கூட்டாளிகளுக்கே கொடுத்துத் தீர்த்துவிடாதே. நூறு வயது நோயில்லாமல் வாழ்ந்து, போன காரியத்தை முடித்து வா கண்ணு. இந்தக் கடிதத்துக்குப் பதிலாகச் சரிங்கம்மா என்று மட்டும் சொல்லிவிடாதே, நான் சொன்னதில் எது தப்பென்று எடுத்துச் சொல், கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மா,
த. மயிலாள்
நல்லூர், திருப்பூர்