சாக்குத்தலையனின் சக்கரம்

அன்புள்ள சின்னவனுக்கு, அப்பா தன் சொந்தக் கையால் எழுதுவது. நீயும் மருமகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லோரும் நலம். ஆமாம், நானேதான் எழுதுகிறேன், இதுவரை எனக்காக எழுதித் தந்த மருந்துக்கடைக்காரர் இல்லை. முதியோர் வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது. ஒரு வரி எழுதியதும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து, அது இன்னும் அங்கேயே இருக்கிறதா என்று பார்க்கிறேன். இருக்கிறது! போனில் நீ கத்திய கத்தலில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சாக்குத்தலையன் நம் தெருவுக்கே குடிவந்துவிட்டான் என்று அத்தை உன்னிடம் சொன்னது உண்மைதான். லீவு போட்டு வந்து அவனை ஒரு வழி பண்ணுகிறேன் என்றாய், அன்றிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஒரு பிள்ளையை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள், இன்னொன்றை ஜெயிலுக்கு அனுப்பவா பெற்றேன் என்கிறாள்.

போன வாரம் அவன் நம் சைக்கிள் கடைக்கு வந்தான். வந்தான் எங்கே, அவன் மருமகள் தள்ளிக்கொண்டு வந்தாள். சக்கர நாற்காலியின் ஒரு சக்கரம் வளைந்துபோயிருந்தது. சண்டைக் காலத்தில் தலையில் சாக்கை மாட்டிக்கொண்டு ராணுவ ஜீப்பில் உட்கார்ந்திருப்பான், வரிசையில் நிற்கும் பையன்களில் அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டினாலும் அந்தப் பையன் லாரியில் ஏற வேண்டியதுதான். முகத்தை மூடத் தெரிந்த புத்திசாலிக்கு, ஊரே அறிந்த தன் செருப்பை மாற்றத் தோன்றவில்லை, அதை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது. உன் அண்ணனைப் பார்த்து ஆட்டிய அந்தத் தலை இப்போது நோயில் தானாகவே ஆடுகிறது. நான் கம்பிகளை முறுக்கிக்கொண்டிருந்தேன், அவன் அழ ஆரம்பித்தான். "அண்ணே, நான் மாட்டேன்னு சொல்லியிருந்தா என்னைக் கொன்னிருப்பாங்க. மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே" என்றான். சக்கரம் துடைக்கிற துணியை நீட்டினேன், வாங்கித் துடைத்தான், மூஞ்சியெல்லாம் கிரீஸ். "இங்க சக்கரம் சரிபண்ணுவோம், காத்தடிப்போம். நீ கேக்குறத என் மகன்கிட்டத்தான் கேக்கணும். எங்க புதைச்சாங்கன்னு சொல்லு, போய்க் கேட்டுட்டு வரேன்" என்றேன். அது தெரியாதாம். ஆட்டுவதோடு அவன் வேலை முடிந்துவிட்டதாம். "வார்த்தை வேணாம், தலையையாவது ஆட்டுங்கண்ணே" என்றான். திமிரைப் பார்! நான் ஆட்டவில்லை.

சக்கரத்தை ஒழுங்காகத்தான் பூட்டிக் கொடுத்தேன், பிரேக்கும் இறுக்கினேன். அவன் உருண்டு விழுந்தால் என் வேலைக்குத்தான் கெட்ட பெயர். இந்தக் கிரீஸ் மூஞ்சிக்காகவா நீ விமானம் ஏறுவாய்? அம்மாவைப் பார்க்க வா, அதற்காக மட்டும் வா. இன்னொரு சங்கதி, கடைக் கதவில் உன் அண்ணன் பெயரைக் கறுப்புப் பெயிண்டால் நானே எழுதியிருக்கிறேன், கொஞ்சம் சாய்ந்துவிட்டது. ஏன் இவ்வளவு கீழே எழுதினீர்கள் என்று நின்று பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் சரியாகக் கண்ணுக்கு நேரே வரும். அந்தச் சக்கரத்துக்கு அடிக்கடி காற்றடிக்க வேண்டும், பக்கத்தில் வேறு கடையும் இல்லை. அவனுக்கு வாசிக்கத் தெரியும்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். அம்மாவுக்குப் போன் செய்து, அவனுக்காக வரமாட்டேன் என்று உன் வாயால் சொல், மறந்துவிடாதே.

இப்படிக்கு,
இனிமேல் எங்கேயும் கைநாட்டு வைக்காத
உன் அப்பா