சாட்சி சொல்ல வேண்டாம்

அன்புள்ள அம்மா,

கர்த்தர் கிருபையால் சுகம். திருப்பாதிரிப்புலியூரில் மழையாமே, முட்டிவலி எப்படி?

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்துவிட்டது. கம்பெனியில் எங்கள் பிரிவில் ஒருவருக்குத்தான் லீவு. கேட்டது நானும், ரூமில் கூட இருக்கும் சிதம்பரத்துக்காரன் செல்வனும். "அம்மாவுக்குக் கண்ணு ஆபரேஷன்ணே, ஒங்க சாமிகிட்ட எனக்காகக் கேளுங்க" என்றான். சத்தமாக அவனுக்காக ஜெபித்தேன். உள்ளுக்குள் எனக்காகவே கேட்டேன். எதை வேண்டுமானாலும் கேள் என்று கர்த்தர் சொன்னபோது சாலமோன் ஞானம் கேட்டாராம், நான் லீவு!

ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ஜெபத்தைக் கேட்டுக் கர்த்தர் லீவு தந்தார் என்று சாட்சி சொல்லிவிடாதீர்கள். கர்த்தர் தந்தாரா, நானே பிடுங்கிக்கொண்டேனா, தெரியவில்லை. இப்போதும் விட்டுக்கொடுக்கலாம். மனசு வரவில்லை.

என் பெட்டியைச் செல்வன்தான் கட்டுகிறான். தன் அம்மாவிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு போர்வையும் அதில் வைத்திருக்கிறான். சிதம்பரத்துக்கு நீங்களும் வாங்கம்மா. கண்கட்டோடு அந்த அம்மா என் கையைப் பிடித்தால், தனியாக நிற்க எனக்குத் தைரியமில்லை.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

டேனியல்