ஓடாத வண்டி குடித்த பெட்ரோல்

மார்ச் 2, ஞாயிறு

வெயில் உச்சந்தலையைப் பிளக்கிறது. கொழிஞ்சாம்பாறை அத்தை பேத்திக்குக் காதுகுத்து. மண்டபத்தில் ஃபேன் இருந்தும் இல்லாத மாதிரி. சாப்பாடு நன்றாக இருந்ததாம். எனக்கு இறங்கவில்லை.

பந்தியில் மச்சாண்டார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னது:

"பெட்ரோலு தண்ணியாட்டப் போகுதுங்க, லிட்டருக்குப் பதினொன்னுதான் வருது. மலைக்காரி காலு பாருங்க, ஜீப்பு முடுக்குன காலு. மிதிச்சா மிதிதான். இல்ல, பாலக்காட்டுக்குத்தான் போகுதா, வேற எங்காச்சும் போகுதான்னு யாரு கண்டா?"

சிரிப்பு. அத்தைதான் எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது. வேற எங்காச்சும். அந்த இரண்டு வார்த்தைகளை இலையோடு சேர்த்து மடித்து அவர் வாயில் திணித்திருக்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்.

மாமனார் விட்டுப்போன கார். இரண்டு வீட்டுக்கும் பொது. திங்கள் முதல் வியாழன் வரை என் கையில், பாலக்காட்டில் லேப் வேலைக்கு. மீதி நாள் அவர் கையில், பொள்ளாச்சி தேங்காய் மண்டிக்கு. இப்போது சாவி முழுக்க அவருக்கே வேண்டுமாம். சாவி போனால் என் வேலையும் போகும். காலை ஆறு மணிக்கு ரத்தம் எடுக்க எந்த பஸ் என்னைக் கொண்டுபோய் விடும்?

எழுந்து நின்று சொல்லிவிட்டேன். "ரெண்டு வாரம் குடுங்க மாமா. என் நாளு தனியா, உங்க நாளு தனியா டேங்க் நிரப்பிப் பார்க்கலாமுங்க. தப்பு என் மேலன்னா சாவிய நானே கொண்டாந்து குடுக்கறேன்."

"பாக்கலாம் அம்மிணி" என்றார், இளித்துக்கொண்டு.

இரவு வீட்டுக்காரர்: "வுடு புள்ள, அண்ணன் சும்மா வெளையாட்டுக்குச் சொல்லுச்சு." இவருக்கு இரண்டு வாரம் ரசம் மட்டும்.

மார்ச் 3, திங்கள்

லேப் முடிந்து வந்ததும் வண்டியைப் பிரித்து மேய்ந்தேன்.

டிக்கியில் இருந்தவை: எரிந்துபோன மோட்டார் ஒன்று (அவருடையது). கிழிந்த தார்ப்பாய் (அவருடையது). பழைய சாக்கு, கயிறு, கடப்பாரை (எல்லாம் அவருடையவை). என்னுடையது ஒரு குடை.

எல்லாவற்றையும் அவர் வீட்டு வாசலில் இறக்கி வைத்தேன். ருக்மணி அக்கா, அவர் மனைவி, எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டது.

கூரையில் அவர் மாட்டிய இரும்பு கேரியரையும் கழற்றினேன். நட்டு துருப்பிடித்துக் கிடந்தது. கட்டை விரலில் தோல் போனது. பரவாயில்லை. வாளையாற்றுப் பக்கமிருந்து வீசும் காற்றில் அது விசிலடிக்கிற சத்தத்தை இத்தனை மாதம் கேட்டிருக்கிறேன். அந்தக் காற்றை எதிர்த்துத் தள்ளப் போனது யார் பெட்ரோல்?

டயர் நான்கிலும் காற்று கம்மி. எவ்வளவு வேண்டும் என்று டிரைவர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஸ்டிக்கரே ஒட்டியிருக்கிறது. ஐந்து வருடமாக அதைத் தாண்டித்தான் ஏறி இறங்குகிறோம். இரண்டு வீட்டிலும் யாரும் படித்ததில்லை. நானும்தான்.

பெட்ரோல் பங்கில் நிரப்பினேன். தானாக நிற்கும்வரை மட்டும், அதற்குமேல் ஒரு சொட்டுக்கூட வேண்டாம் என்று சொல்லி. ஓடிய தூரம் காட்டும் மீட்டரைப் பூஜ்யமாக்கினேன்.

மார்ச் 5, புதன்

பிறந்த ஊர் வண்டன்மேட்டில் இருக்கும் தம்பியிடம் போனில் பேசினேன். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிற ஜீப் ஓட்டுகிறான். எனக்கு வண்டி பழக்கியதும் அவன்தான்.

"ஏக்கா, முன்னாடி வளைவு தெரியுதுல்ல? அங்க போயி பிரேக்க மிதிப்பேன்னு எதுக்கு அதுவரைக்கும் முடுக்குத? முன்னமே கால எடுத்துரு. பிரேக்கு போடுத ஒவ்வொரு தடவையும் பெட்ரோல ரோட்டுல ஊத்துதன்னு நெனச்சுக்க."

"அவுக மூஞ்சில ஊத்தணும்டா."

"அதுக்கு வேற ஆயிரம் வழி இருக்கு. நீ மொதல்ல சீக்கிரமா டாப் கியருக்குப் போயிப் பழகு."

இன்று அப்படியே. நாற்பது தாண்டியதும் நாலு, ஐம்பதில் ஐந்து. கால் முட்டைமேல் வைத்த மாதிரி. ஏசி கிடையாது, நான்கு கண்ணாடியும் இறக்கி. பின்னால் ஒரு டிப்பர்காரன் ஹாரனை விட்டுக் கையெடுக்கவில்லை. முந்திப் போகும்போது மலையாளத்தில் ஏதோ சொன்னான். சொல்லட்டும். ரயில்வே கேட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். புடவை முதுகோடு ஒட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் கரி பூசிய முகம். அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். பழிவாங்குவதற்கு இவ்வளவு வியர்க்கும் என்று தெரியாது.

மார்ச் 6, வியாழன்

நிரப்பினேன். கணக்குப் போட்டேன். நம்பாமல் மறுபடி போட்டேன். லிட்டருக்குப் பதினேழு! மச்சாண்டார் மண்டபத்தில் சொன்னது பதினொன்று.

பங்குப் பையன்கள் பார்க்கப் பார்க்க ஸ்டியரிங்கைத் தட்டினேன். உடனே தம்பிக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

ஃபுல் டேங்கோடு, மீட்டர் பூஜ்யத்தோடு மச்சாண்டாரிடம் சாவியைக் கொடுத்தேன். "கேரியரு எங்க?" என்றார். "உங்க வாசல்ல இருக்குதுங்க மாமா." முறைத்தார். இரவு எனக்கு மட்டும் ஒரு முட்டை பொரித்துச் சாப்பிட்டேன்.

மார்ச் 8, சனி

துணி துவைத்தேன். தண்ணீர் வரத்து குறைவு. மச்சாண்டார் காலையில் வெள்ளைச் சட்டையோடு மண்டிக்குக் கிளம்பும்போது என் பக்கம் பார்த்து இன்ஜினை வேண்டுமென்றே உறும விட்டார். விடுங்கள், நன்றாக உறும விடுங்கள். எல்லாம் உங்கள் பக்கத்துக் கணக்கில்தான் ஏறும்.

மனதுக்குள் ஒரு பேச்சு தயாராகிக்கொண்டிருக்கிறது. அத்தை வீட்டில், எல்லோர் முன்னாலும். பாத்திரம் கழுவும்போது உதடு தானாக அசைகிறது.

மார்ச் 10, திங்கள்

காலையில் வண்டி திரும்ப வந்தது. நேரே பங்குக்கு.

ஏதோ தப்பு. பொள்ளாச்சிக்கு இரண்டு நாள் போய் வந்தவர் வண்டி ஓடியிருக்க வேண்டிய தூரத்தில் பாதிதான் மீட்டரில். ஆனால் டேங்க் குடித்தது என் மூன்று நாளைக்கு மேல். லிட்டருக்கு ஏழுகூட வரவில்லை.

முதலில் சந்தோஷம். பிறகு சந்தேகம். எனக்கு எதிராக யாரோ பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறார்களா? டேங்க் மூடியில் மூக்கை வைத்துப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. லேபுக்குத் தாமதம். திட்டு.

மார்ச் 11, செவ்வாய்

தம்பியிடம் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னான்: "ஓடாமலே குடிக்குதுன்னா நின்னுக்கிட்டே குடிக்குதுக்கா. இன்ஜின் ஓடும், ஏசி ஓடும், சக்கரம் மட்டும் ஓடாது. இங்க டூரிஸ்டு டிரைவருங்க மதியம் அப்படித்தான தூங்குதானுவ."

வேற எங்காச்சும். என்னைச் சொன்னாரே. அப்படியானால் அவர்தான் வேறு எங்காவது போகிறார். எங்கே? யாரோடு? இனிப்பு சாப்பிட்ட மாதிரி இருக்கிறது நாக்கு. ஒழுக்கம் பேசிய வாய். வெள்ளிக்கிழமை பொள்ளாச்சி பஸ்ஸில் போய் என் கண்ணால் பார்த்துவிடுவது.

மார்ச் 13, வியாழன்

இந்த வாரமும் பதினேழுக்கு மேல். நிரப்பிக் கொடுத்தாயிற்று. வீட்டுக்காரர் ரசத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். ஒரு அப்பளம் போட்டேன்.

மார்ச் 14, வெள்ளி

பார்த்துவிட்டேன்.

கோபாலபுரம் செக்போஸ்ட் வரும் முன்னால், ரோட்டை விட்டுச் சற்று உள்ளே, ஒரு புளியமரம். அதன் அடியில் நம் வண்டி. பஸ் ஜன்னலிலிருந்தே நம்பர் தெரிந்தது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தேன். கையில் போன். போட்டோ எடுக்கத்தான். அந்தப் பெண் யார் என்று பார்க்கத்தான்.

பெண் யாரும் இல்லை. கண்ணாடிகள் ஏற்றி, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏசித் தண்ணீர் சொட்டி வண்டிக்கு அடியில் சேறு. மச்சாண்டார் சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தார். தூங்கவில்லை. கண் திறந்திருந்தது. வண்டிக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் அக்கா கட்டிக்கொடுத்த டிபன் பாக்ஸ். மண்டிக்குப் போகிற வெள்ளைச் சட்டை கசங்காமல் ஹேங்கரில் தொங்கியது. அவர் பனியனோடு இருந்தார்.

எதிரில் டீக்கடை. நடத்துகிற அம்மாவிடம் டீ வாங்கிக்கொண்டு, யாரோ போலக் கேட்டேன், அந்த வண்டி ஏன் ஆஃப் ஆகாமல் நிற்கிறது என்று.

"அவருங்களா? பொங்கலுக்குப் பொறவு இப்படித்தானுங்க. காத்தால வருவாரு, பொழுது சாயப் போவாரு. மண்டில கூட்டாளி இவரக் கழட்டி வுட்டுப்போட்டானாமா. ஊட்டுல சொல்லலையாட்ட இருக்குது. ஒரு நாளு டீ குடிக்க வந்து அழுதுபோட்டாருங்க."

டீ சூடு. நாக்கு வெந்தது.

போட்டோ எடுக்கவில்லை. கை ஏனோ வரவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. நின்றுகொண்டே வந்தேன். பாலக்காட்டுச் சித்தூர் வருவதற்குள் கோபம் திரும்ப வந்துவிட்டது. முழுசாக. உங்கள் மானத்தைக் காப்பாற்ற என் மானம்தானா கிடைத்தது? பெட்ரோல் எங்கே போகிறது என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், கேள்வியை என் பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார். ஐம்பது பேர் முன்னால்.

இப்போது என்னிடம் இருப்பதை வைத்து அவரை ஒரே வாக்கியத்தில் முடிக்கலாம்.

மார்ச் 15, சனி

வாக்கியம்: "மாமா மண்டிக்குப் போறதே இல்லைங்க, புளியமரத்தடியில தூங்கறாருங்க."

இன்னொன்று: "கேளுங்க அக்கா, உங்க டிபன் பாக்ஸு எங்க போகுதுன்னு."

இரண்டாவது நன்றாக இருக்கிறது. அக்கா முகம் நினைவுக்கு வந்தது. உடனே நினைப்பதை நிறுத்திக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

அத்தை வீடு. அதே ஆட்கள், அதே சிரிப்பு. போகிற வழியில் பங்கில் நிறுத்தி எல்லோர் முன்னாலும் நிரப்பியாயிற்று. என் நாட்கள் பதினேழரை. அவர் நாட்கள் ஏழு.

அத்தைக்குத்தான் முதலில் புரிந்தது. "ஏண்டா, அவ ஓட்டுனா பதினேழு, நீ ஓட்டுனா ஏழா? அப்ப வண்டி எங்கடா போகுது?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தது. சாதாரணமாக இல்லை, மனைவி பார்க்கிற பார்வை. நான் செவ்வாய்க்கிழமை நினைத்ததைத்தான் அக்காவும் நினைக்கிறது என்று தெரிந்தது.

"டேங்க்ல ஓட்டை இருக்குமாட்ட..." என்றார் மச்சாண்டார்.

"வண்டி எங்கயும் போகலைங்க அத்தை" என்றேன் நான். "நின்னுச்சுங்க."

அவர் தலை நிமிர்ந்தது. என்னைப் பார்த்தார். அந்தக் கண்ணை எழுத்தில் எழுத முடியாது. பந்தியில் என்னைப் பார்த்து எல்லோரையும் சிரிக்கவைத்த மனிதர், தண்ணீரில் மூழ்குகிறவர் மாதிரி என்னைப் பார்த்தார். நான் அவசரப்படவில்லை. மோர் குடித்தேன். டம்ளரைக் கீழே வைத்தேன். அந்த நேரம் முழுக்க என்னுடையது.

"மண்டில லோடு இறக்கற வரைக்கும் வரிசையில நிக்கோணுமில்லீங்களா. ஏசியப் போட்டுட்டு மாமா நிக்கறாருங்க. நிக்கற வண்டி நெறையக் குடிக்குமுங்க."

அக்கா மூச்சு விட்டது கேட்டது.

மச்சாண்டார் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். "அவகிட்டயே இருக்கட்டும்." குரல் வெளியே வரவில்லை. "அன்னிக்கு நாஞ் சொன்னது தப்பு."

அத்தை உட்பட யாரும் சிரிக்கவில்லை.

இரக்கத்தில் சொல்லாமல் விட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். சொல்லியிருந்தால் இன்றோடு தீர்ந்திருக்கும். சொல்லாததால் அந்தப் பயம் அவருக்கு இனி தினமும் உண்டு.

மார்ச் 17, திங்கள்

வீட்டுக்காரர்: "உனக்கு என்னமோ தெரிஞ்சிருக்குது. அண்ணன் ஏன் அப்படிப் பயந்துச்சு?"

"உங்க பாயசத்துல முந்திரி கெடைச்சுதுங்களா?" என்றேன். அவருக்குச் சொல்லப்போவதில்லை.

மார்ச் 19, புதன்

விடிவதற்கு முன்பே புழுக்கம். வண்டியை எடுக்கப் போனால் கேட் பக்கத்தில் மச்சாண்டார். அந்த வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்போடு. கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் சர்டிபிகேட்.

"பாலக்காடு வரைக்கும் வரட்டுமா அம்மிணி? ஒரு அரிசி மில்லுல சூப்பர்வைசரு கேட்டாங்களாமா."

ஏறினார். முன் சீட்டில், என் இடது பக்கம். ஐந்தாவது கியரில் மெல்லப் போனேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் முந்தினார்கள். அவருடைய வலது கால் இல்லாத ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தது.

பாதி வழியில்: "எப்ப இருந்து தெரியும்?"

"வெள்ளிக்கிழமை இருந்துங்க."

"ருக்குகிட்ட..."

"சொல்லலைங்க."

அவர் கழுத்திலிருந்து வியர்வை வழிந்து காலருக்குள் இறங்கியது. கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார்.

"சித்த நேரம் ஏசி போடலாமா? சட்டை நனையுது."

"மைலேஜ் குறையுமுங்க மாமா."

கண்ணாடியை முழுக்க இறக்கிக்கொண்டார்.

மில் வாசலில் இறங்கி நடந்தார். முதுகு முழுக்க ஈரம். சட்டை ஒட்டி, உள்ளே பனியன் தெரிந்தது. வேலை கேட்கப் போகிறவரின் முதுகு. ஹாரன் அடித்துக் கூப்பிட்டு, ஏசியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து காய்ந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லலாம். கை ஹாரன் வரை போனது. அவர் கேட்டுக்குள் போய்விட்டார்.

சாயங்காலம் நிரப்பினேன். லிட்டருக்குப் பத்தொன்பது. இதுவரை வந்ததிலேயே அதிகம். தம்பிக்குப் போன் போடவில்லை.